எந்தப் புகைபோக்கி, எந்த நேரம்: மாசுத் தரவைக் கையில் வைத்துக்கொண்டு புகார் எழுதுவது எப்படி

தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் எழுதும் புகார்களை நிறையப் படித்திருக்கிறேன், நானும் எழுதியிருக்கிறேன். பத்தில் ஒன்பது ஒரே மாதிரி இருக்கும்: "எங்கள் பகுதியில் காற்று மிகவும் மோசமாக உள்ளது, மூச்சுத் திணறுகிறது, உடனே நடவடிக்கை எடுக்கவும்." எல்லாம் உண்மைதான். ஆனால் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி எங்கே போவார்? பகல் பதினோரு மணிக்கு வருவார், கேட்டில் கையெழுத்துப் போடுவார், அந்த நேரத்தில் சிம்னியில் புகை தெரியாது, "வரம்புக்குள் உள்ளது" என்று பதில் வரும். அந்தப் பதிலில் பொய்யே இல்லாமலும் இருக்கலாம், ஏனென்றால் உங்கள் மொட்டை மாடியில் சாம்பல் விழுவது ராத்திரி இரண்டு மணிக்கு.

அதனால் இந்தக் குறிப்பு முழுக்க ஒரே விஷயத்தைப் பற்றியது. ஆய்வுக்கு வாருங்கள் என்று கேட்காதீர்கள், இந்த ஆலையின் இந்தப் புகைபோக்கிக்கு இந்த நேரத்தில் வாருங்கள் என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தேவையான தரவு பெரும்பாலும் இருக்கிறது.

இதை நான் ஆசைக்காகச் சொல்லவில்லை. குஜராத்தில் எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோஹிணி பாண்டே, நிக்கோலஸ் ரயன் என்ற நான்கு பொருளாதார ஆய்வாளர்களும் அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். 960 ஆலைகள். அதில் பாதிக்கு ஆய்வுகளை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கினார்கள். மாசு பாதியாகும் என்றுதானே நினைப்போம்? சராசரி மாசு பெரிதாக அசையவே இல்லை. வழக்கமான ஆய்வுகளில் அதிகாரிகள் தங்கள் அனுபவத்தை வைத்து மிக மோசமான ஆலைகளைத் தேடிப் போனார்கள், கூடுதலாகச் சேர்த்த ஆய்வுகளோ குலுக்கல் முறையில் எங்கெங்கோ போய், தண்டனை வரை போகாத சின்ன மீறல்களைத்தான் பிடித்தன. ஜீப் எத்தனை தடவை வந்தது என்பதைவிட எங்கே போய் நின்றது என்பதுதான் முக்கியம்.

அதே குழு தணிக்கையாளர்களையும் சோதித்தது. ஆலையே காசு கொடுத்து அமர்த்தும் தணிக்கையாளர்கள், 7% ஆலைகள்தான் தூசி வரம்பை மீறுகின்றன என்று எழுதிக் கொடுத்தார்கள். தனியாகப் போய் அளந்தபோது 59%. அவர்கள் எழுதிய எண்கள் வரம்புக்குச் சற்றுக் கீழே கொத்தாகக் குவிந்திருந்தன. இந்தக் குவியலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

முதலில் எண்களைச் சேருங்கள்

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரியில், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்கள் புகைபோக்கியிலேயே தொடர் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அனல் மின்நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, சிமென்ட், இரும்பு எல்லாம் அதில் அடக்கம். கருவியின் அளவுகள் 15 நிமிடச் சராசரியாக வாரிய சர்வருக்குப் போகும், வரம்பு தாண்டினால் தானாகவே எஸ்.எம்.எஸ். எச்சரிக்கை போகும். 2017ல் உச்ச நீதிமன்றம் இந்த அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி மாநில வாரியங்களின் இணையதளத்தில் போடச் சொன்னது. தமிழ்நாட்டில் இவை கிண்டியில் உள்ள வாரியத்தின் கேர் ஏர் மையத்துக்கு வருகின்றன.

திரையில் கிடைப்பது போதவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய், முப்பது நாள். எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. "மாசு விவரங்களைத் தரவும்" என்றால் ஒரு பக்கக் கடிதம் வரும். இப்படிக் கேளுங்கள்:

"மேற்படி ஆலையின் ஒவ்வொரு புகைபோக்கிக்கும் தனித்தனியாக, ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரையிலான தொடர் கண்காணிப்புக் கருவியின் 15 நிமிடச் சராசரி அளவுகளை எக்செல் கோப்பாகக் குறுந்தகட்டில் வழங்கவும். அதே காலத்தில் அனுப்பப்பட்ட எஸ்.எம்.எஸ். எச்சரிக்கைகளின் தேதி, நேரம், ஒவ்வொன்றுக்கும் ஆலை அளித்த விளக்கம், கருவியின் கடைசி இரண்டு அளவுத்திருத்தச் சான்றுகள், நடப்பில் உள்ள இசைவாணையின் நகல் ஆகியவற்றையும் வழங்கவும்."

இசைவாணை என்பது ஆலை இயங்க வாரியம் நிபந்தனைகளோடு கொடுக்கும் அனுமதி, அளவுத்திருத்தம் என்பது கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதித்துச் சரிசெய்வது. எக்செல் என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அச்சிட்ட தாளில் எட்டாயிரத்துச் சொச்சம் வரிகள் வந்தால், ஒன்றொன்றாகத் தட்டச்சு செய்வதற்குள் அடுத்த மழைக்காலமே வந்துவிடும்.

இதோடு மூன்று விஷயம் இலவசமாகக் கிடைக்கும். மத்திய வாரியத்தின் தளத்தில் மணலி, மணலி கிராமம் போன்ற நிலையங்களின் காற்றுத் தர அளவுகளைக் காற்றின் திசையோடு சேர்த்து இறக்கிக்கொள்ளலாம். மத்திய மின்சார ஆணையம் ஒவ்வொரு மின்நிலையத்திலும் எந்த அலகு (யூனிட்) அன்று எவ்வளவு உற்பத்தி செய்தது என்று தினசரி அறிக்கை போடுகிறது. மூன்றாவது நம் தெருவிலேயே இருக்கிறது: ஒரு நோட்டுப் புத்தகம், அதில் தேதி, மணி, என்ன பார்த்தோம் என்று எழுதும் ஒருவர். எனக்குத் தெரிந்து இதை மிக நன்றாகச் செய்தவர் விடியற்காலையில் மாவு வாங்க எழும் ஓர் அம்மா. பழைய வெள்ளை வேட்டித் துணியில் ஒரு துண்டு கிழித்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் ஒரே இடத்தைத் தினமும் துடைத்து, அந்தத் துணியைத் தேதி எழுதிய கவரில் போட்டு வைப்பார். சில நாள் கறுப்பு, சில நாள் சாம்பல் நிறம். இந்த வித்தியாசத்துக்குப் பின்னால் பெரிய விஷயம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வரம்பு எது என்று தெரியாமல் எண்ணைப் பார்க்காதீர்கள்

2015 டிசம்பர் அறிவிக்கையின்படி நிலக்கரி மின்நிலையங்களின் தூசி வரம்பு அலகின் வயதைப் பொறுத்தது. 2003க்குள் வந்தது என்றால் ஒரு நார்மல் கன மீட்டருக்கு 100 மில்லிகிராம், 2004 முதல் 2016 வரை என்றால் 50, 2017 முதல் என்றால் 30. வட சென்னையில் சில கிலோமீட்டருக்குள் இந்த மூன்றையும் பார்க்கலாம். 1990களில் வந்த வட சென்னை அனல் மின்நிலையத்தின் முதல் நிலைக்கு 100, இரண்டாம் நிலைக்கும் வல்லூர் அனல் மின்நிலையத்துக்கும் 50, புதிய 800 மெகாவாட் மூன்றாம் நிலைக்கு 30. ஒரே 60 என்ற எண் ஒன்றில் சரி, ஒன்றில் மீறல், இன்னொன்றில் இரண்டு மடங்கு மீறல். கந்தக டை ஆக்சைடு விதி 2025 ஜூலையில் மாறிவிட்டது. நிலையங்களை ஏ, பி, சி என்று பிரித்து, சி வகைக்குப் புகைபோக்கி உயர நிபந்தனையோடு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். எனவே ஆலை எந்த வகை என்று பார்க்காமல் "கந்தக வரம்பை மீறுகிறது" என்று எழுதினால் முதல் வரியிலேயே புகார் விழுந்துவிடும். இசைவாணையில் பொது விதியைவிடக் கடுமையான வரம்பு இருந்தால் அதையே பிடியுங்கள்.

எண் உண்மை பேசுகிறதா

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். கருவி ஆலையின் இடத்தில் இருக்கிறது, பராமரிப்பதும் ஆலைதான். வரும் எண்ணை அப்படியே நம்பினால், ஒழுங்காகக் கருவி வைத்திருக்கும் ஆலை மாட்டும், கருவியை மழுங்கடித்தவன் தப்பிப்பான்.

எக்செலில் முதலில் ஒரு கோட்டு வரைபடம் போடுங்கள், கணக்கு அப்புறம். உண்மையான புகைபோக்கியின் கோடு நடுங்கிக்கொண்டே இருக்கும். கரி மாறும், சுமை மாறும், கொதிகலனில் படிந்த கரியை ஊதித் தள்ளுவார்கள், ஒவ்வொன்றுக்கும் சின்ன மேடு வரும். ஆறு மணி நேரம் 38.2, 38.2, 38.2 என்று ஆணியடித்தது போல நின்றால் கருவி உறைந்திருக்கிறது, அல்லது யாரோ உறைய வைத்திருக்கிறார்கள். அடுத்து, வரம்பு 50 என்றால், எண்களைப் பட்டையாக எண்ணுங்கள்: 40 முதல் 45 வரை எத்தனை, 45 முதல் 50 வரை எத்தனை, 50 முதல் 55 வரை எத்தனை. 50க்குச் சற்றுக் கீழே மலையும் 50க்கு மேல் வெறும் நிலமுமாக இருந்தால் குஜராத் தணிக்கையாளர்களின் குவியல் நினைவுக்கு வர வேண்டும்.

பிறகு மின் உற்பத்தி அறிக்கையோடு ஒட்டுங்கள். அலகு நின்றிருந்த நாளில் புகைபோக்கி 40 காட்டினாலும் தவறு, முழுச் சுமையில் ஓடிய நாளில் 2 காட்டினாலும் தவறு. தரவு விடுபட்ட நேரங்களைத் தனிப் பத்தியில் குறியுங்கள். ஒரே கிழமையில், ஒரே இரவு நேரத்தில் திரும்பத் திரும்ப விடுபட்டால் அந்த வெற்றிடமே ஒரு தடயம். அமெரிக்காவில் மின்நிலையங்களுக்கு இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள்: தரவு விடுபட்ட மணி நேரங்களுக்கு வேண்டுமென்றே உயர்வான மதிப்பைப் போட்டுக் கணக்கிட வேண்டும், விடுபடுவது அதிகமாக ஆக அந்த மதிப்பும் ஏறும். அதனால் கருவியை ஒழுங்காக ஓட வைப்பதுதான் ஆலைக்கு லாபம். இங்கேயும் அது வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அதுவரை வெற்றிடத்தை நாம்தான் எண்ண வேண்டும்.

ஆக்சிஜன் பத்தியை மறக்காதீர்கள். புகையில் வெளிக்காற்றைக் கலந்தால் மில்லிகிராம் குறைந்துவிடும், வெளியே போகும் தூசியின் எடை குறையாது. அதனால்தான் நிலக்கரி மின்நிலையங்களில் 6% ஆக்சிஜனுக்குத் திருத்திப் பார்ப்பது வழக்கம். கணக்கு எளிது: அளந்த எண் × (21 − 6) ÷ (21 − அளந்த ஆக்சிஜன்). கருவி 42 காட்டுகிறது, ஆக்சிஜன் 12% என்று வைத்துக்கொள்வோம். 42 × 15 ÷ 9 = 70. வரம்பு 50 என்றால், பச்சையாகத் தெரிந்த எண் சிவப்பு. முதல் தடவை இந்தப் பத்தியைச் சேர்த்துக் கீழே இழுத்தபோது எக்செல் முழுக்க நிறம் மாறியதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் அவசரப்படாதீர்கள், சில கோப்புகளில் திருத்திய எண்ணே வந்திருக்கும். எது என்று எழுதிக் கேட்டுவிட்டுப் பெருக்குங்கள்.

கந்தகத்துக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. ஒரு கிலோ கரியில் 0.4% கந்தகம் என்றால் 4 கிராம், எரிந்தால் ஏறக்குறைய 8 கிராம் கந்தக டை ஆக்சைடு. நம் ஊர்க் கரி ஒரு கிலோவுக்குச் சுமார் 6 கன மீட்டர் புகை தரும். 8,000 மில்லிகிராமை 6ஆல் வகுத்தால் 1,300 பக்கம். கந்தக நீக்கி இல்லாத அலகு இதே கரியை எரித்துக்கொண்டு 150 காட்டினால், வேதியியல் ஒத்துக்கொள்ளாது.

யாரை முதலில் பிடிப்பது

வாரியத்தில் ஆள் குறைவு, அது நமக்கும் தெரியும். அதனால் புகாரில் பத்து ஆலைகளை அடுக்காமல் ஒன்றோ இரண்டோ சொல்லுங்கள். எந்த இரண்டு?

மில்லிகிராமை வைத்து மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது. 500 மெகாவாட் அலகு ஒன்றிலிருந்து மணிக்குச் சுமார் 20 லட்சம் கன மீட்டர் புகை போகிறது என்றால், வரம்பில் உட்கார்ந்திருக்கும் 50 மில்லிகிராமே மணிக்கு 100 கிலோ தூசி. பத்தாயிரம் கன மீட்டர் விடும் சின்ன பாய்லர் 300 காட்டினாலும் மணிக்கு 3 கிலோதான். அப்படியானால் பெரியவனை மட்டும் பார்த்தால் போதுமா என்றால், அதுவும் இல்லை. கந்தக நீக்கி இல்லாத, 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் உயரம் இருக்க வேண்டும், அந்தப் புகை பல கிலோமீட்டர் தள்ளிப் பரவி இறங்கும். சின்ன பாய்லரின் குட்டைச் சிம்னிக்குப் பக்கத்திலேயே அங்கன்வாடி இருந்தால் அந்த 3 கிலோ நேராகக் குழந்தைகள் மேல்தான். நான் இரண்டு பட்டியல் போடுவேன்: கிலோ கணக்கில் முதல் மூன்று, பக்கத்தில் இருக்கும் ஆட்கள் கணக்கில் முதல் மூன்று. இரண்டிலும் வரும் பெயர் முதல் புகார்.

காற்றின் திசையை இப்போது கொண்டுவாருங்கள். மத்திய வாரியத் தளத்தில் இறக்கிய கோப்பில் 0 என்றால் வடக்கிலிருந்து வீசுகிறது, 90 கிழக்கிலிருந்து, 180 தெற்கிலிருந்து, 270 மேற்கிலிருந்து. எட்டுத் திசையாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பி.எம். 2.5 (நுரையீரல் வரை போகும் நுண்தூசி) சராசரி எடுங்கள். ஒரு திசையில் மட்டும் எகிறினால் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று வரைபடத்தில் கோடு போடுங்கள். நம் கடற்கரையில் மதியத்துக்கு மேல் கடல் காற்று, ராத்திரியில் தரைக் காற்று, மழைக்காலத்தில் வடகிழக்கு என்று மாறிக்கொண்டே இருப்பதால், ஒரு மாதத் தரவை வைத்து முடிவெடுக்காதீர்கள். மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் கேளுங்கள், எந்த மாதம் எந்த மணிக்குக் காற்று திரும்பும் என்று கோப்பைவிடத் துல்லியமாகச் சொல்வார்கள்.

அந்த வெள்ளைத் துணிக்கு வருவோம். கறுப்பாக இருந்தால் பெரும்பாலும் எரியாத கரி: கரி குவிக்கும் இடம், கன்வேயர், மூடாத லாரி. சாம்பல் நிறமாக, மாவு போல இருந்தால் எரிந்த சாம்பல்: புகைபோக்கி, அல்லது காய்ந்து கிடக்கும் சாம்பல் குட்டை. எண்ணூருக்குப் பக்கத்தில் செப்பாக்கத்தில் சாம்பல் குட்டைப் பக்கம் கோடையில் போய்ப் பார்த்தால் காற்றடிக்கும்போது வெள்ளையாகத் திரை எழும்பும். புகைபோக்கியின் கருவி அதில் ஒரு மில்லிகிராமைக்கூடப் பார்க்காது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் ஜனங்களைத் தெருவுக்குத் துரத்திய அம்மோனியா, கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து வந்தது, அதற்குப் புகைபோக்கியே கிடையாது. உங்கள் நோட்டுப் புத்தகத்தில் மேடு இருந்து புகைபோக்கித் தரவில் இல்லை என்றால் இரண்டே வழி: கருவி சரியில்லை, அல்லது வேறெங்கிருந்தோ வருகிறது. எது என்று தெரியாவிட்டால் புகாரில் இரண்டையும் எழுதுங்கள்.

புகார்

ஒரு பக்கம், ஒரு வரைபடம், அவ்வளவுதான். மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதி, நகலை வாரியத் தலைமையகத்துக்கு அனுப்புங்கள். நடுப் பத்தி இந்த மாதிரி இருக்கட்டும் (எண்கள் உதாரணத்துக்கு):

"இவ்வாலையின் 2ஆம் புகைபோக்கியில் ஜனவரி முதல் மார்ச் வரை 90 இரவுகளில் 34 இரவுகள், 1 மணி முதல் 4 மணிக்குள் தூசி அளவு வரம்பைத் தாண்டியுள்ளது. மேலும் 11 இரவுகளில் அதே நேரத்தில் தரவு இல்லை. பகல் நேரத்தில் மீறல் 2 நாட்கள் மட்டுமே. எனவே காற்றுச் சட்டம் பிரிவு 26ன்படி இப்புகைபோக்கியில் நள்ளிரவு 1 மணிக்கு மேல், முன்னறிவிப்பின்றிச் சென்று மாதிரி எடுக்கும்படியும், அந்நேரத்தில் மின்னிலை வீழ்படிவியின் எத்தனை பகுதிகள் இயங்குகின்றன என்பதைப் பதிவு செய்யும்படியும் கோருகிறோம்."

ஏன் பிரிவு 26? கருவியின் எண் எங்கே போக வேண்டும் என்று காட்டும், ஆனால் வழக்குக்கு முறைப்படி எடுத்த மாதிரி வேண்டும். அதிகாரி அந்த இடத்திலேயே ஆலைத் தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்து, அவர்கள் முன்னிலையில் எடுத்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த முறையில் ஒரு படி தவறினால் ஆலையின் வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். வீழ்படிவியைக் கேட்டது ஏன் என்றால், அது புகையிலிருந்து தூசியைப் பிடிக்கும், மின்சாரம் குடிக்கும் கருவி, இரவில் சில பகுதிகளை அணைத்து வைத்தால் காசு மிச்சம், அதன் மீட்டர் பதிவு சிம்னியைவிட வெளிப்படையாகப் பேசும்.

வாரியம் அசையவில்லை என்றால் அதே சட்டத்தின் பிரிவு 43, அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் புகாரோடு நீதிமன்றம் போகலாம் என்கிறது, அப்படிப் போனவர் கேட்டால் வாரியம் தன்னிடம் உள்ள அறிக்கைகளைத் தர வேண்டும் என்றும் சொல்கிறது, பொதுநலனுக்கு எதிரானது என்று கருதினால்தான் மறுக்கலாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. 2023ல் திருத்திய பிறகு சட்டத்தில் பல மீறல்களுக்குச் சிறைக்குப் பதில் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் வரை அபராதம்தான். பெரிய ஆலைக்கு அது ஒரு நாள் கரிச் செலவுகூட இல்லை. அதனால் நான் அபராதத்தைவிடப் பிரிவு 31ஏ உத்தரவைத்தான் கேட்பேன், அதில் மின் இணைப்பைத் துண்டிக்கவும் மூடவும் வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

ஆய்வு நடந்தது என்று பதில் வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். மாதிரி எடுத்த தேதியும் மணியும், எந்தப் புகைபோக்கி, அப்போது அலகு எத்தனை மெகாவாட் சுமையில் ஓடியது என்று கேளுங்கள். பாதிச் சுமையில் எடுத்த மாதிரி முழுச் சுமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பிறகு ஆய்வுக்கு முந்தைய நாலு வாரம், பிந்தைய நாலு வாரம், இரண்டையும் ஒரே வரைபடத்தில் மணி வாரியாகப் போடுங்கள். இரண்டு மணி மேடு இறங்கி நாலரை மணிக்கு ஒரு புதுமேடு எழும்பியிருந்தால், நாலரை மணி என்று போட்டு அடுத்த கடிதத்தை எழுதுங்கள்.